கல்லொட்டியின் வாய் கீழே போன கதை

மீனுக்கும் மனிதருக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், ஏழுதுறை என்றொரு நகரம் இருந்தது. நகரத்தின் நடுவே ஆறு ஓடியது. ஆற்றுக்கு ஏழு படித்துறைகள், துறைக்கு ஒரு தெரு, தெருவுக்கு நூறு வீடு. மீன்கள் நன்றாகவே பேசின. மனிதர்களும் நன்றாகவே பேசினார்கள். கேட்பதற்குத்தான் இரண்டு பக்கமும் ஆள் குறைவு.

ஏழுதுறைக்காரர்களுக்குச் சுத்தம் என்றால் உயிர். வாசலை மூன்று வேளை பெருக்குவார்கள். பெருக்கிய வாசலில் காக்கை நடந்தால் அதன் கால்தடத்தையும் அழிப்பார்கள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களுக்கு முதலில் தெருவைக் காட்டிவிட்டுத்தான் பெண்ணைக் காட்டுவார்கள்.

அந்த ஊரின் நாட்டாமை மாசிலாமணி. நல்ல மனிதர்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஒரு நாள் குளிக்க இறங்கியவர் கூழாங்கல்லில் இடறி, வலது கால் பெருவிரல் நகத்தைப் பறிகொடுத்தார். அன்றோடு ஆற்றுக்குப் பிடித்தது சனி.

"வீட்டை இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கோம். ஆத்தை மட்டும் கல்லும் கரடுமாப் போட்டு வச்சிருக்கோமே, பாக்குறவுக என்ன நினைப்பாக?" என்று நொண்டிக்கொண்டே ஊர்க்கூட்டத்தில் கேட்டார்.

ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. வருஷத்துக்கு ஒரு துறையாகக் கல்லை அள்ளினார்கள். அள்ளிய கல்லைத் தெருவில் பரப்பினார்கள். ஆற்றில் கால் வைத்தால் மெத்தென்று இருந்தது, தெருவில் கால் வைத்தால் சேறு ஒட்டவில்லை. ஒரே வேலையில் இரண்டு சௌகரியம். ஆறு வருஷத்தில் ஆறு துறை காலியாயின. நடுவில் வலையில் மீன் குறைந்துகொண்டே வந்தது. அதற்கு மீன்கொத்தியைத் திட்டினார்கள்.

ஆனால் கீழ்மடுவில் வாழ்ந்த பெருங்கெண்டைக்குக் காரணம் தெரியும். வருஷா வருஷம் ஆடிப் புதுவெள்ளம் வடிந்து, தண்ணீர் முழங்கால் அளவில் தெளிந்து ஓடும்போது, அவள் ஊருக்குள் ஏறி வந்து துறைகளில்தான் முட்டையிடுவாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் சந்தில் முட்டை விழும். மேலே தண்ணீர் ஓடும். நாலாம் நாள் குஞ்சு வரும். கல் போன துறைகளில் வெறும் வண்டல். அங்கே இட்ட முட்டை மூச்சு முட்டி, வெந்த சோற்றுப் பருக்கை போல வெளுத்துப் போயிற்று. வருஷத்துக்கு வருஷம் குறைந்து, போன வருஷம் அவளுக்குத் தங்கிய பிள்ளைகள் ஏழாம் துறையில் பிறந்தவை மட்டுந்தான்.

அந்த வருஷம் ஏழாம் துறையின் முறை.

அடிவயிறு கனக்க அவள் வந்தபோது மாசிலாமணி ஆறாம் துறையில் நின்று, மெத்தென்ற வண்டலில் கால்விரல்களை அளைந்துகொண்டிருந்தார்.

"நாட்டாமை அய்யா, ஏழாம் துறையை மட்டும் விட்டுருங்க. என் வம்சத்துக்கு அது ஒண்ணுதான் மிச்சம்."

"அடடே, கெண்டையம்மாவா? வா, வா. ஆறு எப்பிடி இருக்கு பாத்தியா? கண்ணாடி மாதிரி வச்சிருக்கோம்."

"கண்ணாடியில முட்டை நிக்காது அய்யா."

"மணல்ல போடு. ஆமை போடலையா?"

"ஆமை கரையேறிப் போடுது. அது முட்டைக்கு ஓடு இருக்கு. என் முட்டைக்குத் தோலே சரியாக் கிடையாது. கல்லுச் சந்துல கிடந்து, தண்ணி ஓடுனாத்தான் அதுக்கு மூச்சு."

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "நான் என்ன செய்யட்டும் தாயி? அஞ்சாம் நாள் அம்மன் தேரு. தேர்வீதி ஒண்ணுதான் கல்லு போடாமக் கிடக்கு. போன வருசம் சக்கரம் சேத்துல புதைஞ்சு ஊரே மானம் கெட்டுப்போச்சு. நாளைக் காலையில கூடை வருது. அதுக்குள்ள போட்டுக்கோ."

"போட்டுருவேன். பொரிய நாலு நாளு வேணுமே?"

மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியேறிவிட்டார். பாவம், அவருக்குத் தேர்க் கவலை.

வயிற்றில் இருப்பதை எத்தனை நேரம் பிடித்து வைக்க முடியும்? வெயில் தாழும்போது பெருங்கெண்டை ஏழாம் துறையில் முட்டையிட்டுவிட்டு, பக்கத்து ஆழத்தில் போய்க் கிடந்தாள்.

இப்போது வாயாடி என்று பேர்வாங்கிய ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரல் நீளத்தில் கறுத்த ஒரு மீன். அதன் வாய் அப்போது மற்ற மீன்களைப் போல முகத்துக்கு நேரே இருந்தது. இருந்தது என்று சொல்வதைவிடத் திறந்தே இருந்தது என்று சொல்லலாம். பேச்சு இல்லாத நேரத்தில் தீனி, தீனி இல்லாத நேரத்தில் பேச்சு. அதற்கு மிகவும் பிடித்த தீனி கெண்டை முட்டை. அடுத்தவள் பிள்ளையைத் தின்கிறோமே என்கிற கூச்சமெல்லாம் அதற்குக் கிடையாது. அதன் சொந்தக்காரர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. வாயாடி எதைச் செய்தாலும் ஏன் என்று கேட்காமல் அப்படியே செய்வார்கள்.

மறுநாள் விடிந்ததும் வாயாடி கூட்டத்தோடு ஏழாம் துறைக்குக் காலைச் சாப்பாட்டுக்கு வந்தது. வந்த இடத்தில் மனிதக் கால்கள் நின்றன. கல் சுமக்கும் இருபது பெண்கள், அவர்களுக்குத் தலைவியாக ஒச்சாயி. ஒவ்வொரு கல்லாகத் தூக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல் போன இடத்தில் முட்டைகள் கலங்கிய தண்ணீரோடு அடித்துக்கொண்டு போயின.

வாயாடி பதறிப்போனது. நல்ல புத்தி வந்து பதறவில்லை.

"ஏய், நிறுத்துங்க! கல்லு போச்சுன்னா முட்டை போச்சு. முட்டை போச்சுன்னா கெண்டை போச்சு. அப்புறம் நான் யாரு வீட்டுல போய்த் திருடுறது?" என்று கத்தியது.

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தின வாரம்தான் நிலா தண்ணீரில் விழுந்து உடைந்துவிட்டது என்று அது ஊரைக் கூட்டியிருந்தது.

ஒச்சாயியின் கை அடுத்த கல்லுக்கு நீண்டது. வாயாடி ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தது, கல்லைப் பார்த்தது. பிறகு தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தது. பேச்சை நிறுத்தி, கல்லை வாயால் கவ்விக்கொண்டது.

கூட்டம் மொத்தமும் ஆளுக்கொரு கல்லைக் கவ்வியது.

ஒச்சாயி தூக்கினாள். கல்லோடு மீனும் வந்தது. உதறினாள், விழவில்லை. வாலைப் பிடித்து இழுத்தாள். வாய் கீழே கீழே இழுபட்டு நீண்டதே தவிர விடுபடவில்லை.

"இதென்னடி கூத்து?" என்று கல்லைத் தண்ணீரிலேயே வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினாள். அதிலும் ஒன்று தொங்கியது.

அதற்குள் அவசரக்காரிகள் சிலர் மீனும் கல்லுமாக ஏழெட்டுக் கூடைகளைத் தேர்வீதியில் கொட்டிவிட்டு வந்தார்கள். அங்கே போன மீன்கள் வெயிலில் துடித்தன. வாயைத் திறந்து குதித்திருந்தால் ஒன்றிரண்டாவது யார் காலிலாவது பட்டு, அவர்கள் எடுத்துப் போட்டுத் தண்ணீருக்குத் திரும்பியிருக்கும். எதுவும் திறக்கவில்லை. செத்த பிறகும் கல்லை விடவில்லை.

உச்சி வேளைக்குள் ஏழுதுறை நாறியது. காக்கைக் கால்தடத்தை அழிக்கிற ஊர், மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றது. மாசிலாமணி ஓடி வந்தார்.

"பிச்சு எறிங்க அதுகளை!"

"பிச்சா வாய்தான் பிய்யுது அய்யா. கல்லை விடமாட்டேங்குது," என்றாள் ஒச்சாயி. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மாசிலாமணி துறைக்கு வந்து வாயாடியிடம் நேரிலேயே பேசிப் பார்த்தார். அதட்டினார், கெஞ்சினார். அரிசித் தவிடு தருவதாகச் சொன்னார். வாயாடி வாய் திறக்கவில்லை. அது பேசாமல் இருந்ததை ஊர் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

"பசிச்சா தன்னால விட்டுரும். தேருக்கு இன்னும் நாளு இருக்கு, காவல் வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பசிக்கத்தான் செய்தது. மூக்குக்குக் கீழே, மீசை தொடும் தூரத்தில் முட்டைகள் மணிமணியாகக் கிடந்தன. அது கனவு காணும் தீனி. தின்ன வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் கல் போய்விடும். திருடனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உலகத்தில் இருக்காது. முதல் நாள் முழுக்க அது அழுதது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்? இரண்டாம் நாள் பசி பொறுக்காமல், கவ்விய வாயை எடுக்காமலே கல்லின் மேலிருந்த பாசியை நக்கிப் பார்த்தது. அப்படியொன்றும் மோசமில்லை. மூன்றாம் நாள் அதுவே ருசியாக இருந்தது. ஓட்டத்தின் இழுப்பில் வாய் தாடைக்கு அடியில் போய்த் தட்டையாகப் படிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் ஒச்சாயி தனியாக இறங்கினாள். இறுக்கம் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, மீனோடு சேர்த்து ஒரு கல்லை மெல்லச் சாய்த்தாள். அடியில் முட்டைகள் இருந்தன. அவள் ஆறு வருஷம் கல் அள்ளியவள், ஆனால் குனிந்து பார்த்தது இல்லை. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள். அவள் நிழல் விழுந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் புரண்டன. கண்கள்!

ஒச்சாயி கல்லை இருந்த இடத்திலேயே வைத்தாள். அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு துறையில் அவள் கவிழ்த்த கூடைகளெல்லாம் நினைவுக்கு வந்தன, வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்து, நாட்டாமை வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அய்யா, வந்து குனிஞ்சு பாருங்க."

"எதை?"

"பாத்துட்டுக் கேளுங்க."

மாசிலாமணி வந்தார். குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இதுக நம்மளப் பாக்குதே ஒச்சாயி," என்றார் கடைசியில்.

"ஆமாய்யா. ஆறு வருசமாப் பாத்துட்டுத்தான் இருந்திருக்கும்."

"தேரு?"

"பனந்தடியைக் குறுக்கப் போட்டு உருட்டுவோம். பனந்தடியில வரமாட்டேன்னு அம்மன் உங்ககிட்டச் சொன்னாளா?"

"ஊரு ஒத்துக்கணுமே."

"ஊரையும் வந்து குனியச் சொல்லுங்க. இந்தக் கூடையை நான் இனிமேத் தூக்கமாட்டேன். என் ஆளுகளும் தூக்கமாட்டாக." சொல்லிவிட்டுக் கூடையைப் படியில் கவிழ்த்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஊர் வந்தது. தண்ணீரில் இறங்க ஒச்சாயி யாரையும் விடவில்லை. கடைசிப் படியில் ஒவ்வொருவராகக் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் பனந்தடி வெட்ட ஆள் போய்விட்டது.

அடுத்த நாள் முட்டைகள் பொரிந்தன. அதற்கு மறுநாள் அம்மன் தேர் பனந்தடிகளின் மேல் கடகடவென்று உருண்டு வந்தது. கொஞ்சம் ஆட்டம் அதிகம், கொஞ்சம் தாமதம், ஆனால் எங்கும் புதையவில்லை. தேர் நிலைக்கு வந்ததும் மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் வீட்டு வாசலிலிருந்த கல்லை முதலில் பெயர்த்தார். முதல் துறையில் கொண்டுபோய்ப் போட்டார். ஊரும் பின்னாலேயே சுமந்தது. அள்ள ஆறு வருஷம் ஆயிற்று, திரும்பப் போட ஒன்பது நாள்தான். தெருக்கள் மறுபடி சேறாயின. மாசிலாமணிக்கு இடது கால் நகமும் போயிற்று. அவர் அதைப் பற்றி யாரிடமும் புகார் சொல்லவில்லை.

இன்றைக்கும் ஏழுதுறையில் ஆடித் தேர் பனந்தடி மேல்தான் வரும். தேருக்கு முந்தின நாலு நாள் ஏழு துறையிலும் ஒரு மனிதக் கால் படாது. கெண்டைகள் ஊருக்கு நடுவில், வீடுகளின் சத்தத்துக்கு நடுவில், பயமில்லாமல் முட்டையிட்டுப் போகின்றன.

குஞ்சுகள் எல்லாம் நீந்திப் போன பிறகு பெருங்கெண்டை வாயாடியைத் தேடி வந்தாள். அது அப்போதும் கல்லோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

"விடுப்பா," என்றாள். "எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஊரே சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கு. இனிமேக் கூடை வராது."

அது கண்ணை மட்டும் மேலே உருட்டி, தண்ணீருக்கு மேலே படியில் நடக்கும் கால்களைப் பார்த்தது. வாயை எடுக்கவில்லை.

அன்று தொட்டுத்தான் அந்த மீனுக்கு வாய் அடியில் இருக்கிறது, பாசிதான் சாப்பாடு, கல்லொட்டி என்று பெயர். மனிதர்கள் கொடுத்த வாக்கை அது இன்னும் நம்பவில்லை, அதனால் கல்லை விடுவதும் இல்லை.