முப்பத்தொன்றாவது பகுதி

குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு நாற்பத்து நான்கு. முறை தலைகீழாக இருக்கிறதே என்று திருப்பூரில் யாரும் கேட்டதில்லை. அப்படி ஒரு குருவும் சீடரும் இருப்பது அந்த ஊரில் பதினைந்து பேருக்குத்தான் தெரியும்.

அந்தப் பதினைந்து பேரும் அனிமே பைத்தியங்கள். ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கும் தொடர்களை வாரக்கணக்கில் பார்ப்பவர்கள். பார்த்ததைப் பற்றி மாதக்கணக்கில் சண்டை போடுபவர்கள். வேலை செய்யும் இடத்தில் சொன்னால் "இந்த வயசுல பொம்மைப் படமா?" என்று சிரிப்பார்கள் என்பதால் வெளியே மூச்சு விடமாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு டீக்கடைக்கு மேலே நஸ்ரின் தன் வேலைக்காக வாடகைக்கு எடுத்திருக்கும் மாடி அறையில் கூடுவார்கள்.

நஸ்ரின், பனியன்களில் பூவும் புலியும் தைக்கிற எம்பிராய்டரி மெஷின்களுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பவர். பத்து வயதிலிருந்து அனிமே பார்க்கிறார். சபையில் அதிகம் பேசமாட்டார், ஓட்டெடுப்பில் கை தூக்கவும் மாட்டார். ஆனால் எவ்வளவு பெரிய சண்டையிலும் கடைசியில் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஜப்பானில் ஆசானை 'சென்செய்' என்பார்கள். முதலில் கிண்டலாகத்தான் அவரை அப்படிக் கூப்பிட்டார்கள். போகப் போகக் கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

திருமூர்த்திக்கு அது முதல் நாளிலிருந்தே கிண்டல் இல்லை. எந்தத் தொடரைப் பார்த்தாலும் அது சரியா தப்பா என்று சென்செயிடம் கேட்டுவிட்டுத்தான் தூங்குவார்.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்க மேஜை முன்னால் நின்று, ஓட்டை எங்கே, கறை எங்கே, விட்டுப்போன தையல் எங்கே என்று தேடி, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இருபது வருஷமாக அதே வேலை. கண் அதற்கே பழகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஜன்னல் கோணலாக இருப்பதைச் சொன்னவர் அவர். கல்யாணம் அமையவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவருக்குக் குரல் கொடுப்பது பிரஷர் குக்கர் ஒன்றுதான்.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. அவரவருக்கு உயிரான தொடரின் படத்தை அவரவரே சுவரில் குத்தி வைப்பார்கள். கூடும் நாளில் ஒரு படத்தை எடுத்து வழக்கு நடக்கும். படத்துக்குச் சொந்தக்காரர் நிறைகளைச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் குறைகளைச் சொல்வார். பிறகு ஓட்டு. தோற்றவர் தன் கையாலேயே படத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும்.

குறை சொல்லும் வேலைக்குத் திருமூர்த்தியை விட்டால் ஆள் ஏது? நான்கு வருஷத்தில் பத்தொன்பது படங்களைக் கழற்ற வைத்திருந்தார். இருபதாவதுதான் அருளப்பனுடையது.

அருளப்பன், பல்லடம் ரோட்டில் மூடிக் கிடக்கும் ஒரு நூல் மில்லுக்கு வாட்ச்மேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். உலகத்தில் திருமூர்த்திக்கு நண்பர் என்று சொல்ல இருந்தவர் அவர் ஒருவர்தான். அந்த நட்பும் விசித்திரமானது. புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அருளப்பன் போன் போடுவார். அவர் மில் கேட்டிலும் இவர் வீட்டிலுமாக ஒரே தொடரின் ஒரே பகுதியை எடுத்து வைத்துக்கொள்வார்கள். "மூணு… ரெண்டு… ஒண்ணு" என்று அருளப்பன் எண்ணுவார். இருவரும் ஒரே நேரத்தில் பட்டனைத் தட்டுவார்கள். அப்புறம் பேச்சு கிடையாது. போன் மட்டும் பக்கத்தில் திறந்தபடி இருக்கும். அந்தப் பக்கம் மயில் அகவுவது கேட்கும், நாற்காலி கிரீச்சிடுவது கேட்கும். முடிந்ததும் "சரி, வெக்கறேன்" என்பார் அருளப்பன். அவ்வளவுதான். சபையே இதைச் சொல்லிக் கேலி செய்யும். திருமூர்த்திக்கு வாரம் என்பதே அந்த அரைமணி நேரத்தைச் சுற்றித்தான் ஓடியது.

அருளப்பன் சுவரில் குத்தியிருந்தது 'உப்புத்தீவு' என்ற தொடரின் படம். கடல் கொள்ளையர் கதை, ஐம்பத்திரண்டு பகுதி. "முப்பத்தொண்ணாவதை நாம ஒரு புதன்கிழமை சேர்ந்து பாக்கலாங்களா?" என்று மூன்று தடவை கேட்டிருந்தார்.

"அது ஃபில்லருங்ணா" என்று மூன்று தடவையும் சொன்னார் திருமூர்த்தி.

கதைக்குச் சம்பந்தமில்லாமல், ஒளிபரப்பு நாளை நிரப்புவதற்காக எடுத்துச் சேர்த்த பகுதியைத்தான் அனிமேக்காரர்கள் ஃபில்லர் என்பார்கள். எந்தத் தொடரில் எதெல்லாம் ஃபில்லர் என்று பட்டியலே உண்டு. விவரமானவர்கள் பட்டியலைப் பார்த்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

வழக்கு நடந்த ஞாயிறு, நிறை சொல்ல எழுந்த அருளப்பனுக்குப் பேச்சு வரவில்லை. "முப்பத்தொண்ணாவது பகுதி…" என்று ஆரம்பித்தார். "அதுல ஒருத்தரு…" என்றார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றார்.

திருமூர்த்தி எழுந்தார்.

"நான் அந்தப் பகுதியைப் பாக்கவே இல்லீங்க. பாக்காமலே மொத்தக் கதையும் எனக்குப் புரிஞ்சுருச்சு. அது தேவையில்லைங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அறையே சிரித்தது. பதினொரு பேர் கை தூக்கினார்கள். அருளப்பனும் கொஞ்சம் சிரித்தார். சுவரிடம் போய்ப் படத்தைக் கழற்றி, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

அந்தப் புதன்கிழமை போன் வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. சபைப் பக்கமும் அருளப்பன் தலை காட்டவில்லை. ஐந்து புதன்கிழமைகள் ஏழு மணிக்குத் திருமூர்த்தி போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். டவர் கிடைக்கிறதா என்று பார்த்தார். தானாக ஏன் கூப்பிடவில்லை என்றால், ஜெயித்தவன் எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆறாவது வாரம், சபை இல்லாத ஒரு ஞாயிறு மதியம், நோட்டும் கையுமாக நஸ்ரினின் மாடிக்குப் போனார்.

"சென்செய், ஒரு தீர்ப்பு சொல்லோணுங்க."

"உக்காருங்ணா."

"உப்புத்தீவைத் திரும்பப் பாத்து முப்பத்தெட்டுக் குறை எழுதியிருக்கறேன். ஒவ்வொண்ணும் சரியா இல்லையான்னு நீங்க சொல்லோணும். நீங்க சரின்னுட்டா அருளப்பண்ணனும் ஏத்துக்குவாரு. கோபம் போயிரும்."

நஸ்ரின் கம்ப்யூட்டரை விட்டு நாற்காலியைத் திருப்பினார். "படிங்க."

"நாலாவது பகுதியில ஹீரோ கையில ஆறு விரலுங்க."

"உண்மை."

"பதினெட்டாவதுல கப்பல் மூழ்குது. இருபதாவதுல அதே கப்பல் வந்து நிக்குது. ஒரு விளக்கமும் இல்லீங்க."

"உண்மைதானுங்ணா."

"வில்லனுக்கு எதுக்குக் கோபம்னே கடைசி வரைக்கும் சொல்லலீங்க."

"உண்மை."

எந்தக் குறைக்கும் நஸ்ரின் மறுப்புச் சொல்லவில்லை. பாதிக்கு மேல் திருமூர்த்திக்கு உற்சாகம் குறைந்துவிட்டது. ஒன்றையாவது எதிர்த்துப் பேசமாட்டாரா என்று இருந்தது. முப்பத்தெட்டாவதையும் படித்து முடித்தார்.

"உண்மை" என்றார் நஸ்ரின். எழுந்தார். துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு கைப்பையை எடுத்தார்.

"சென்செய், எங்க கிளம்பறீங்க?"

"வீட்டுக்குங்ணா."

"என்னங்க, பாதிப் பேச்சுல?"

"பேச்சு முடிஞ்சுதுங்களே. முப்பத்தெட்டும் நீங்கதான் ஜெயிச்சீங்க. இனி நான் இங்க உக்காந்து என்ன பண்றது?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். "கம்ப்யூட்டர் ஆன்லதான் இருக்குது. போறப்பப் பூட்டிட்டுச் சாவியைக் கீழ டீக்கடையில குடுத்துருங்க."

படியில் செருப்புச் சத்தம் இறங்கி மறைந்தது.

திருமூர்த்தி தனியாக இருந்தார். மற்ற நாற்காலிகளெல்லாம் மடங்கிச் சுவரோரம் சாய்ந்திருந்தன. சுவரில் அவரால் இறங்கிய இருபது படங்களின் குண்டூசி ஓட்டைகள் தெரிந்தன. ஜெயித்ததற்கான அடையாளம் என்று பார்த்தால் அந்த அறையில் அவை மட்டும்தான் இருந்தன. வீட்டுக்குப் போகலாம் என்றால் அங்கேயும் இதே காட்சிதான்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முப்பத்தொன்றாவது பகுதியைத் தேடி எடுத்தார். வழக்கம்போல ஒன்றரை மடங்கு வேகத்தில் போட்டார். மடியில் நோட்டு, கையில் சிவப்புப் பேனா.

ஹீரோ வரவில்லை. கொள்ளையர் வரவில்லை. தீவின் மறுகோடியில் ஒரு கலங்கரை விளக்கம். கப்பல்கள் பாதையை மாற்றிக்கொண்டு வருஷங்கள் ஆகிவிட்டன. அதன் காவலாள் மட்டும் இருக்கிறார். யாரும் வராத படியைப் பெருக்குகிறார். கண்ணாடியைத் துடைக்கிறார்.

'39. அதே அலை ஐந்து தடவை வருகிறது' என்று எழுதினார் திருமூர்த்தி.

காவலாள் மீன் குழம்பு வைத்தார். ஒரு வாய் தின்றார். "இன்னிக்கு உப்பு கொஞ்சம் கம்மி" என்று சத்தமாகச் சொன்னார். எதிரே யாரும் இல்லை. சொல்லிவிட்டு, பதில் வருவதற்குத் தேவையான நேரம் காத்திருந்து, அடுத்த வாயை எடுத்தார்.

திருமூர்த்தி வேகத்தைக் குறைத்தார்.

பொழுது சாய்ந்தது. காவலாள் நூற்றுச் சொச்சம் படி ஏறி விளக்கின் முன்னால் நின்றார். தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, காலியான கடலைப் பார்த்து, "ஏத்தட்டுமா?" என்று கேட்டார். கொஞ்சம் காத்திருந்தார். பிறகு ஏற்றினார். அத்துடன் பகுதி முடிந்தது.

பேனா கீழே உருண்டு போயிருந்தது. மூடிக் கிடக்கும் மில்லின் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனைப் பிடித்துக்கொண்டு, "மூணு… ரெண்டு…" என்று எண்ணுகிற ஒரு குரல் திருமூர்த்தியின் காதில் கேட்டது. இதைத்தான் மூன்று தடவை கூப்பிட்டுக் காட்டப் பார்த்தாரா அந்த மனுஷன்? இதைச் சொல்ல முடியாமல்தான் பதினான்கு பேர் முன்னால் கனைத்துக்கொண்டு நின்றாரா? திருமூர்த்தி அழுதார். பார்க்க ஆளில்லாததால் கண்ணைத் துடைக்கவும் தோன்றவில்லை. பூட்டிவிட்டு, டீக்கடையைக் கவனிக்காமல் தாண்டிப் போனார். சாவி அவர் பையிலேயே வீடு வந்து சேர்ந்தது.

புதன்கிழமை சாயங்காலம் கம்பெனி விட்டதும் நேராகச் சாவியைக் கொடுக்க வந்தார். மாற்றுச் சாவியால் திறந்துகொண்டு நஸ்ரின் ஏதோ ஒரு குட்டிச் சட்டைக்கு வாத்து வரைந்துகொண்டிருந்தார்.

"பாத்தேனுங்க" என்றார் திருமூர்த்தி.

"ம்."

"அதுலயும் குறை இருக்குதுங்க. அதே அலை அஞ்சு தடவை வருது."

"உண்மை" என்றார் நஸ்ரின், வாத்தின் கால்களைச் சரி செய்தபடியே.

"தொடரு நல்லாருக்குன்னு அவருகிட்டச் சொன்னாப் பொய்யாயிரும். அந்த முப்பத்தெட்டும் குறைதான். மன்னிச்சுக்கங்கன்னா, எதுக்குன்னு கேப்பாரு. ஓட்டுல ஜெயிச்சதுக்கு யாராச்சும் மன்னிப்புக் கேப்பாங்களா?" திருமூர்த்தி பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஆறு வாரமாப் போனைக் கையில வெச்சுட்டு இதையேதான் யோசிக்கறேன் சென்செய். என்ன சொல்லி அவரைக் கூப்பிடறது? எனக்கு வேற யாருமில்லீங்க."

நஸ்ரின் வாத்தை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினார்.

"புதன்கிழமை ரெண்டு பேரும் சேந்து பாப்பீங்களே. யாருங்ணா எண்ணறது?"

"அவருதானுங்க."

"நாலு வருஷமாவா?"

"நாலு வருஷமும் அவருதான்."

சுவர்க் கடிகாரத்தில் ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. மேஜைமேல் திருமூர்த்தி வைத்திருந்த போனை நஸ்ரின் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப உங்களுக்கும் மூணுல இருந்து எண்ணத் தெரியும்ங்கறது, அவருக்குத் தெரியவே தெரியாதுங்களே" என்றார்.