முதல் அழைப்புக்காக வாயை மூடிய தவளை

அல்லிக்குளத்தில் நுணலன் என்றொரு தவளை இருந்தான். அவனுக்குத் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரைவிட ஈ பிடிக்கும். ஈயைவிட அல்லிக்குளத்துப் பந்தாட்ட அணியைப் பிடிக்கும்.

அந்த அணியோ தோற்பதற்கென்றே பிறந்தது போலிருந்தது. பாறைமேட்டு அணியிடம் தோற்றது. புதர்க்காட்டு அணியிடம் தோற்றது. ஒருநாள் எதிரணி வழிதவறி வராமலே போய்விட்டது. அன்றும் அல்லிக்குளம் தன் கோலுக்குள் தானே பந்தைத் தள்ளிவிட்டுத் தலைகுனிந்து நின்றது.

காட்டில் பந்து என்றால் முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கை. உதைத்தால் உள்ளே விதைகள் கலகலக்கும். களத்தின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு கறையான் புற்றுகள். அவற்றின் நடுவே குடுக்கை புகுந்தால் கோல். ஆட்ட நாளில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது காட்டின் தலைவியான யானை வகுத்த சட்டம்.

யானை இன்னொரு சட்டமும் வகுத்திருந்தாள். மெலிந்தவர்கள் மெலிந்தே கிடக்கக் கூடாது என்பது அவள் எண்ணம். ஆகவே பருவம் முடிந்ததும், புதிதாக ஆட வரும் இளையவர்கள் எல்லாரும் நாவல் மரத்தடியில் வந்து நிற்பார்கள். கடைசி இடத்தில் இருக்கும் அணிக்குத்தான் முதல் அழைப்பு. அது யாரை அழைக்கிறதோ, அவர் அந்த அணிக்குப் போக வேண்டும். பழைய அணியை விட்டு விலகி நிற்கும் மூத்த ஆட்டக்காரர்களோ, யார் அழைப்புக்கும் காத்திராமல் மனம் விரும்பிய அணியில் சேரலாம்.

தோற்கும் அணியை நேசிப்பவர்களுக்கு, இன்றைவிட நாளைதான் எப்போதும் பச்சையாகத் தெரியும். நுணலனுக்கும் அப்படித்தான். ஆட்டங்களைவிட அந்த நாவல் மரத்தைப் பற்றித்தான் அவன் அதிகம் கனவு கண்டான்.

"அக்கா! சேதி தெரியுமா? இந்த முறை வெளிமான் சிலம்பன் மரத்தடிக்கு வருகிறானாம்!" என்று ஒருநாள் காலையில் துள்ளிக்கொண்டு வந்தான். "அவன் ஓடினால் அவன் நிழலே பின்தங்கிவிடுமாம்! அவன் மட்டும் நம் அணிக்கு வந்துவிட்டால்!"

அவன் அக்கா என்று அழைத்தது நண்டு நள்ளியை. அல்லிக்குளத்து அணியின் தலைவி அவள்தான். கோலைக் காப்பவளும் அவளே. பக்கவாட்டில் ஓட அவளை மிஞ்ச ஆளில்லை. தரையில் உருண்டு வரும் பந்தெல்லாம் அவள் கொடுக்கில் சிக்கும். தலைக்கு மேலே வரும் பந்தைத்தான் மரியாதையாக வழியனுப்பி வைப்பாள்.

"சரி, கோலுக்கு யாரை வைக்கப் போகிறாய்?" என்று கேட்டாள் நள்ளி.

"கொக்கை வைப்போம்! பாறைமேட்டு அணியை விட்டு விலகிவிட்டாராம். என்ன கழுத்து! என்ன உயரம்!"

"அடப்பாவி! கோல் காக்கிறவளிடமே வந்து சொல்கிறாயே! அதிருக்கட்டும். கொக்கு இந்தக் கரைக்கு வந்தால் முதலில் உன்னைத்தானடா விழுங்கும்!"

"விழுங்கட்டுமே அக்கா! உயரே வரும் பந்தைத் தடுப்பாரே!"

நள்ளி இரண்டு கண்களையும் வெளியே நீட்டி அவனைப் பார்த்தாள். "பைத்தியங்களில் நீ தனி வகை. முன்னால் ஓடிக் கோல் போடுவது சிலம்பன். அப்படித்தானே? அப்போது அகழனை என்ன செய்வாய்?"

நுணலன் பறந்துபோன ஓர் ஈயைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டான்.

அகழன் ஒரு பெருச்சாளி. வயதாகிவிட்டது. பகல் வெளிச்சத்தில் அவனுக்கு எல்லாமே மங்கல். ஆனாலும் விதைகளின் கலகலப்பைக் கேட்டே பந்தைக் கண்டுபிடித்துவிடுவான். அல்லிக்குளம் எப்போதாவது போடுகிற கோல் அவன் போடுகிற கோல்தான். பந்து சத்தம் போடும், சரி. சத்தமே போடாத கோலை எப்படிக் கண்டுபிடிக்கிறான்? அதை யாரும் கேட்டதில்லை. மோப்பம் பிடிக்கிறான் போலும் என்று நுணலன் நினைத்திருந்தான்.

அருகிலிருந்த வளையிலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது. "என் பேர் அடிபட்டது போலிருந்ததே, தம்பி?" என்றான் அகழன்.

"ஒன்றுமில்லை அண்ணே! நாளைக்குக் கடைசி ஆட்டமாயிற்றே, அதைப் பற்றித்தான்."

"நீ வருவாய்தானே?"

"நான் வராமல் ஆட்டமா!"

"அது போதும்" என்று சொல்லிவிட்டு மூக்கு உள்ளே போயிற்று.

அன்று மாலை மூங்கில்காட்டிலிருந்து ஓர் அணில் வந்தான். கொறியன் என்று பெயர். மூங்கில்காட்டு அணியின் மீது அவனுக்கு அப்படியொரு பித்து. மறுநாள் அல்லிக்குளம் மோதப் போவது மூங்கில்காட்டோடுதான். இரண்டும் ஒரே பள்ளத்தில் கிடந்த அணிகள். யார் தோற்கிறாரோ அவருக்கே கடைசி இடம். கடைசி இடம் யாருக்கோ, அவருக்கே முதல் அழைப்பு.

"சிலம்பன் எங்களுக்குத்தான்!" என்று வாலை ஆட்டினான் கொறியன். "நாளைக்கு நாங்கள் தோற்கப் போகிறோம்!"

"நீங்களா? எங்களை மிஞ்சித் தோற்றுவிடுவீர்களா?" நுணலனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கள் தோல்வி பரம்பரைத் தோல்வி! நேற்று முளைத்த உங்கள் தோல்வி அதற்கு ஈடாகுமா?"

"பார்க்கலாமா?"

"பார்க்கலாம்!"

கொறியன் போய்விட்டான். ஆனால் அவன் சொன்ன சொல் நுணலனின் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. 'நாளை ஒருநாள் தோற்றால் என்ன? எத்தனையோ தோல்விகளோடு இதுவும் ஒன்று. பிறகு சிலம்பன் வருவான். வெற்றி மேல் வெற்றி வரும்! ஆனால், வாயால் வெல்க என்று கத்திக்கொண்டே மனத்தால் தோற்க என்று வேண்ட முடியுமா? நாளைக்கு வாயை மூடிக்கொண்டிருப்போம். நான் கத்தாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?'

மறுநாள் ஆட்டம் தொடங்கியது. நுணலன் வழக்கம்போல் எதிரணியின் கோலுக்குப் பின்னாலிருந்த கல்லின் மேல் போய் உட்கார்ந்தான். கோல் விழுந்தால் கிட்டத்தில் பார்க்கலாம் என்று அவன் பிடித்துவைத்திருந்த இடம் அது. உட்கார்ந்தான். வாயை இறுக மூடிக்கொண்டான்.

சற்று நேரத்தில் மூங்கில்காட்டு அணியின் தலைவியான மந்தி குடுக்கையை ஓங்கி உதைத்தாள். அது நள்ளியின் தலைக்கு மேலே பறந்தது. நள்ளி வழியனுப்பி வைத்தாள். கோல்!

"ஏன் தாயே கோல் போட்டாய்?" என்று மரத்தின் மேலிருந்து கொறியன் அழுதான்.

நுணலனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

அடுத்து, பந்து அகழனிடம் வந்தது. கலகல என்று அதை உருட்டிக்கொண்டு ஓடினான். திடீரென்று நின்றான். மூக்கை இடப்பக்கம் திருப்பினான். வலப்பக்கம் திருப்பினான். பிறகு எங்கோ பார்த்துப் பாய்ந்தான். நேரே குளத்துக்குள் போய் விழுந்தான்!

களமே சிரித்தது. "அங்கே கோல் இல்லை, பெரியவரே! குளம்தான் இருக்கிறது!"

அகழன் சொட்டச் சொட்ட ஏறி வந்தான். மறுபடி பந்து கிடைத்தது. இந்த முறை புதருக்குள் போனான். அதற்கடுத்த முறை, தன் அணி முயலின் மேலேயே மோதினான்.

'நல்லது. தோற்கத்தான் போகிறோம்' என்று நினைத்துக்கொண்டான் நுணலன். ஆனால் ஏனோ அந்த நினைப்பு இனிக்கவில்லை. 

அப்போது அகழன் பந்தை அப்படியே விட்டுவிட்டுக் களத்தின் நடுவே வந்து நின்றான். "யானையம்மா! ஆட்டத்தை நிறுத்துங்கள்!" என்று கத்தினான்.

"ஏன்? காலில் அடியா?" என்று கேட்டாள் யானை.

"எனக்கு ஒன்றுமில்லை. நுணலனைக் காணோம்! அவன் குரல் கேட்டுத்தான் நான் கோல் இருக்கும் பக்கம் ஓடுவேன். இன்றைக்குச் சத்தமே இல்லை. வராமல் இருக்க மாட்டான். வழியில் பாம்பு ஏதாவது பிடித்திருக்கும். ஆட்டம் போனால் போகட்டும். தோற்றதாகவே எழுதிக்கொள்ளுங்கள். வாருங்கள், தேடிப் பார்ப்போம்! நள்ளி, நீ கரையோரம் போ! நான் வளைகளைப் பார்க்கிறேன்!"

நனைந்த உடம்போடு அவன் அப்போதே கிளம்பிவிட்டான். போகிற திசை தெரியவில்லை. ஆனாலும் போனான்.

நுணலன் கல்லின் மேல் எழுந்து நின்றான். 'தோற்றதாகவே எழுதிக்கொள்ளுங்கள்' என்கிறாரே அகழண்ணன்! முதல் அழைப்பு கைக்கு எட்டிவிட்டது. இன்னும் சற்று நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சிலம்பன் நமக்குத்தான்!

ஆனால் அந்த வாய் இனி மூடிக் கிடக்குமா?

"அண்ணே! இங்கே இருக்கிறேன் அண்ணே! இங்கே! இங்கே!"

காடு அதிர்ந்தது. நாரைகள் பறந்தன. அகழன் சட்டென்று திரும்பினான். அவன் மீசை மயிர்கள் நிமிர்ந்தன.

"அடேய், உயிரோடுதான் இருக்கிறாயா!"

"இருக்கிறேன் அண்ணே! பந்து உங்கள் பின்னால்! ஓடி வாருங்கள்! இங்கே! இங்கே!"

அதன் பிறகு அகழனை யாரால் பிடிக்க முடியும்? விதைகள் கலகலக்க, அந்தக் குரலை நோக்கி ஒரு கோடு போட்டது போல் ஓடிவந்தான். கோல்! யானை ஆட்டத்தை முடிக்கத் துதிக்கையைத் தூக்குவதற்குள் இன்னொரு கோல்! அல்லிக்குளம் வென்றது. எப்படிக் கொண்டாடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பழக்கம் இல்லை அல்லவா? எல்லாரும் குளத்தில் குதித்தார்கள்.

நுணலன் மட்டும் கரையில் நின்றான். "அண்ணே, என்னைப் பாம்பு பிடிக்கவில்லை. நான் இங்கேதான் இருந்தேன். சிலம்பன் கிடைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்."

அகழன் காதுக்குள் போன தண்ணீரை உதறினான். "சிலம்பன் நல்ல ஆட்டக்காரன்தான். எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் வந்தால் அவனுக்கும் யாராவது கத்த வேண்டுமேடா, தம்பி!"

நள்ளி பக்கவாட்டில் வந்து நுணலனின் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். "தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வாயை மூடிக் கெடப் பார்த்த முதல் தவளை நீதான்!"

முதல் கோடை மழை பெய்த மறுநாள், நாவல் மரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். சிலம்பன் நடுவில் நின்றான். வெயில் பட்டு அவன் முதுகு மினுமினுத்தது. இப்போது கடைசி அணி மூங்கில்காடு. முதல் அழைப்பு மந்தியுடையது.

"சிலம்பன்! சிலம்பன்!" என்று கிளைக்குக் கிளை தாவினான் கொறியன்.

மந்தி தலையைச் சொறிந்தாள். அந்தக் கடைசி ஆட்டத்தை அவள் மறக்கவில்லை. "எங்களுக்குச் சிலம்பன் வேண்டாம். அதோ, அந்தத் தவளை வேண்டும்!"

கொறியன் கிளையிலிருந்து விழுந்தான்.

யானை காதுகளை விசிறினாள். "எந்த அணியிலும் இதுவரை ஆடாதவரை யாரும் அழைக்கலாம். தவளையே, நீ ஏதாவது அணியில் ஆடுகிறாயா?"

நுணலன் யானையையும் அகழனையும் மாறி மாறிப் பார்த்தான். என்ன சொல்வது? 'இல்லை, நான் வேடிக்கை பார்ப்பவன்' என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அவன் மூங்கில்காட்டுக்குப் போவான். அடுத்த அழைப்பு அல்லிக்குளத்துக்கு. சிலம்பன் அல்லிக்குளத்துக்கு வந்துவிடுவான்! கண்ட கனவெல்லாம் கண்ணெதிரே நின்றது. நள்ளி கண்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.  அகழனின் மூக்கு மெல்ல இப்படியும் அப்படியும் திரும்பியது. குரல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று காத்திருந்தது.

நுணலன் மூச்சை இழுத்துத் தொண்டையை உப்பவைத்தான்.

"ஆடுகிறேன்! நான் அல்லிக்குளத்து ஆட்டக்காரன்!"

"அப்படியா? எந்த இடத்தில் ஆடுகிறாய்?"

"எதிரணியின் கோலுக்குப் பின்னால்!"

மரத்தடியே சிரித்தது. யானைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதற்குச் சாட்சி உண்டா?"

"நான் சாட்சி!" என்று முன்னால் வந்தான் அகழன். "இவன் குரல் இல்லாதபோது குளத்துக்குள் கோல் போட்டவன் நான்!"

யானை துதிக்கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னாள். "அணியில் இருப்பவரை அழைக்க முடியாது. வேறு யாரையாவது அழையுங்கள்."

சிலம்பன் மூங்கில்காட்டுக்குப் போனான். கொறியன் ஆனந்தத்தில் மறுபடியும் கிளையிலிருந்து விழுந்தான். அல்லிக்குளத்தின் முறை வந்தபோது நள்ளி ஒரு நீர்க்கோழிக் குஞ்சை அழைத்தாள். அது ஓடிவந்த வேகத்தில் சுரைக்குடுக்கையில் தடுக்கிக் குப்புற விழுந்தது.

"விழுகிற அழகைப் பார்த்தீர்களா!" என்றான் நுணலன். "அடுத்த பருவத்தில் பாருங்கள், இது எப்படி ஆடப் போகிறதென்று!"

எல்லாரும் கலைந்து போகும் நேரம். ஒரு நெடிய நிழல் நுணலன் மேல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தான். கொக்கு!

"தம்பி, நான் ஒரு நல்ல அணியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பாறைமேட்டில் நான் எத்தனை பந்து தடுத்தாலும், பார் என்று சொல்ல ஒரு குரல் இல்லை. அன்றைக்கு உன் குரல் பாறைமேடு வரை கேட்டது." கொக்கு குனிந்து அவனை ஒரு கண்ணால் பார்த்தது. "அந்தக் குரல் என் வயிற்றுக்குள் இருப்பதைவிடக் கரையில் இருப்பதே நல்லது. எனக்கு மீன் போதும். சேர்த்துக்கொள்வீர்களா?"

நுணலன் விடாமல் தலையாட்டினான். நள்ளி கொடுக்கை நீட்டினாள்.

"கீழே வருவது எனக்கு. மேலே வருவது உங்களுக்கு. சரிதானே?"

"சரி, தலைவியே!"

அன்று அல்லிக்குளத்தில் விடிய விடியப் பாட்டு. பாடியது ஒரே ஒரு தவளைதான்; ஆனால் நூறு தவளைகள் பாடியது போலிருந்தது.

நாளை வரப்போகும் வல்லவருக்காக ஏங்கலாம். ஆனால் அந்த ஏக்கத்தில், இன்று நம்மை நம்பிக் களத்தில் நிற்பவரைக் கைவிடக் கூடாது.