கறிவேப்பிலைக்கு எந்த வெளிச்சம்

எங்கட மடம் என்று சொன்னால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். நோர்வேயின் வடக்கே ஒரு சின்ன நகரம். அதில் மூடிப்போன தையல் கடை ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறை. ஒன்றில் சுவாமி படங்கள், மற்றதில் ஞானாம்பிகை அம்மா. அவ்வளவுதான் மடம்.

அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கேட்ட கேள்விக்கு அம்மா நேரே பதில் சொல்லி நான் கண்டது ஒரே ஒருநாள்தான். வந்த ஆட்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்திருக்கிறது.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் பேரம்பலம் ஐயா வந்தார். அம்மாவை விட இருபது வயது மூத்தவர், ஆனாலும் சீடர். வந்தவர் தொப்பியைக் கூடக் கழற்றவில்லை.

"அம்மா, ஒண்டு கேக்க வேணும்."

"கேளுங்கோ."

"கறிவேப்பிலைக்கு எந்த வெளிச்சம் போட்டால் போதும்?"

வீடுபேறு பற்றிக் கேட்கிற இடத்தில் இப்படி ஒரு கேள்வி. வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்போம். அவரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தச் செடியை எங்களுக்கெல்லாம் தெரியும்.

அது அவருடைய மனைவி இராசமலர் அக்கா விதை போட்டு வளர்த்தது. சமைக்கிற குசினியின் யன்னலோரம் நிற்கும். இந்தக் குளிரில் கறிவேப்பிலையாவது வளர்வதாவது என்று ஊரே சொன்னது. அக்கா கேட்டால்தானே! ஒவ்வொரு மாரிக் குளிருக்கும் இலை கொட்டும், ஒவ்வொரு வசந்தமும் துளிர்க்கும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதும் ஐயா போனவுடனே அக்கா கேட்பது, "செடிக்குத் தண்ணி விட்டனீங்களோ?" என்றுதான்.

போன மாசியில் அக்கா போய்விட்டார். வருகிற மாசியில் முதலாம் ஆண்டுத் திவசம். படையலுக்கு வைக்கிற கறி எல்லாம் அந்தச் செடியின் இலை போட்டுத்தான் தாளிக்க வேண்டும் என்று ஐயா முடிவெடுத்திருந்தார். அவருக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

செடி இப்போது யன்னலோரம் இல்லை. சுவாமியறையாக வைத்திருக்கிற, அக்காவின் படம் மாட்டியிருக்கிற நிலவறைக்கு அதைக் கொண்டுபோய்விட்டார். "ரெண்டும் தனித்தனிய நிக்கிறதைப் பார்க்க ஏலாமல் கிடக்கு" என்றார். நிலவறையில் யன்னல் கிடையாது. அதனால் செடி வளர்க்கிற கறுப்புத் துணிக் கூடாரம் ஒன்று வாங்கியிருந்தார். உள்ளே வெள்ளித் தாள் ஒட்டி, முன்னால் இழுத்துத் திறக்கிற சிப் வைத்தது.

"இப்ப என்ன லைற் போட்டிருக்கிறீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"ஊதா. செடிக்கு அதுதான் பிடிக்கும் எண்டு கடைக்காரப் பெடியன் சொன்னவன்."

அம்மா எழும்பி, மேசைக்கு மேலே கயிற்றில் தொங்கிய விளக்கின் கீழ் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

"கையை நீட்டுங்கோ. மேசையில நிழல் விழுதோ?"

"மங்கலாய் விழுது."

அம்மா விளக்கைக் கொஞ்சம் இறக்கினார். "இப்ப?"

"விரல் விரலாய்த் தெரியுது."

இன்னும் இறக்கினார். ஐயா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது, அம்மா!"

"சுடுது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"என்ர கைதான்."

"பேந்தென்ன? கடைக்காரனை ஏன் கேட்டனீங்கள்?"

ஐயா சிரித்தார். அந்த வருசத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். வீட்டுக்குப் போய் விளக்கைத் தூக்கியும் இறக்கியும் கட்டியிருப்பார். மனிசன் அந்தளவுக்குச் சொல்வழி கேட்பவர்.

மார்கழியில் திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது.

"நிழல் வடிவாய் விழுது. கை சுடேல்லை. ஆனால் இலை கொட்டுது, அம்மா."

"என்ன நிறத்தில கொட்டுது?"

ஐயா முழித்தார். "அந்த ஊதா வெளிச்சத்தில எல்லாம் கறுப்பாய்த்தானே தெரியும்?"

"கொட்டின இலையை வெளியில கொண்டுவந்து பார்க்கேல்லையோ?"

"கூட்டி அள்ளி அவவின்ர படத்துக்கு முன்னால வைச்சிட்டன்."

அம்மா தன் டோர்ச்சை எடுத்துக் கொடுத்தார். "ஊதாவை நிப்பாட்டிப்போட்டு இதை அடிச்சுப் பாருங்கோ."

மறுநாள் விடியவே வந்து கதவைத் தட்டினார். டோர்ச்சைத் திருப்பிக் கொடுத்தார்.

"மஞ்சள், அம்மா. முழுக்க மஞ்சள். எப்பவிருந்து மஞ்சளெண்டே எனக்குத் தெரியேல்லை. ஒவ்வொரு நாளும் முன்னுக்குத்தான் இருந்தனான்."



அன்றே போய் வெள்ளை விளக்கு வாங்கினார். கடையில் இருந்ததிலேயே பலமானது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தை பிறந்ததும் மடத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். நான் போன் எடுத்தேன்.

"வெளிச்சம் காணாது, பிள்ளை" என்றார். "இன்னும் பெரிசாய் ஒண்டுக்குச் சொல்லியிருக்கிறன். திவசத்துக்கு முன்னம் வந்திடும். ஒரு கொப்பில இன்னும் இலை நிக்குது. நிக்கும்தானே? நீங்கள் சொல்லுங்கோ, நிக்கும்தானே?"

நான் என்னத்தைச் சொல்ல? நிற்கும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அம்மாவிடம் ஓடினேன்.

"காரை எடுங்கோ" என்றார் அம்மா.

வெளியே முழங்காலளவு பனி. மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான், அதற்குள் இருட்டிவிட்டது. ஐயா எங்களை நேரே நிலவறைக்கு இறக்கிக்கொண்டு போனார்.

அக்கா இருந்த காலத்தில் அந்த அறையில் தடித்த கம்பளம் விரித்திருந்தது. இப்போது அது இல்லை.

"சுவாமியும் அவவும் இருக்கிற இடம். நாளாந்தம் கழுவ வேணும். கம்பளத்தைக் கழுவ ஏலுமோ? அதுதான் உரிச்சு எறிஞ்சிட்டன்" என்றார்.

வெறும் சீமெந்து. சுவாமியறை என்றபடியால் நாங்கள் சப்பாத்தை மேலேயே கழற்றிவிட்டு வந்திருந்தோம். கால் வைத்த இடத்திலேயே எனக்குக் குளிர் உச்சிவரை ஏறியது. அம்மா ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

ஐயா சிப்பை இழுத்தார். அப்பா, என்ன வெளிச்சம்! கண் கூசியது. சித்திரை வெயிலைக் கொண்டுவந்து பெட்டிக்குள் அடைத்த மாதிரி. அதன் நடுவே, சீமெந்துத் தரையில் வைத்த பூச்சாடியில், ஒரு தடி நின்றது. நுனியில் கொஞ்சம் இலை. அதுவும் சருகு.

"ஐயா, மேஸைக் கழட்டுங்கோ" என்றார் அம்மா.

"என்னம்மா?"

"மேஸ். ரெண்டு சோடி போட்டிருக்கிறீங்கள். ரெண்டையும் கழட்டுங்கோ."

ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டு காலுறைகளைக் கழற்றினார். வெறுங்காலைத் தரையில் வைத்தவர் உடனே தூக்கிவிட்டார்.

"வையுங்கோ."

வைத்தார். அம்மா அவருடைய விரலைப் பிடித்துச் சாடி மண்ணுக்குள் விட்டார். ஐயா விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அம்மா நகத்தால் செடியின் பட்டையைச் சுரண்டினார். நுனிக்குக் கிட்ட மண்ணிறம். நடுவிலும் மண்ணிறம். அடியில், மண்ணோடு சேர்கிற இடத்தில், இன்னொருமுறை சுரண்டினார். ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

"மேல பகல் மாதிரி வெளிச்சம் கிடக்கே, அம்மா" என்றார் ஐயா.

"ஓம்."

"பேந்து ஏன்?"

"வெளிச்சம் பட்ட இலை தண்ணி கேக்கும். விறைச்சுப் போன வேர் எங்கயிருந்து குடுக்கும்?"

"அப்ப நான் கூட வெளிச்சம் போடப் போட..."

"இலையும் கூடக் கூடக் கேட்டிருக்கும்."

அன்றைக்குத்தான் அம்மா நேரே பதில் சொல்லிக் கேட்டேன். சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. 

"நீங்கள் அப்பவே ஒருக்கா வந்து பார்த்திருக்கலாமே, அம்மா!" என்று சீறிவிட்டேன். "கையையும் நிழலையும் காட்டிக்கொண்டு மடத்திலயே இருந்தனீங்கள்!"

அம்மா என்னைப் பார்த்தார். "ஓம். வந்திருக்க வேணும்" என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

ஐயா எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆஸ்பத்திரியில கடைசியாய் அவ என்னோட கதைச்சது..." என்று தொடங்கினார். செருமிவிட்டு மறுபடி சொன்னார்.

"'கால் குளிருதப்பா' எண்டவ. நான் அவ இருட்டுக்குப் பயப்பிடுறாவாக்கும் எண்டு நினைச்சு எழும்பி லைற்றைப் போட்டனான்."



"பேந்தும் அதையே சொன்னவ. நான் இருந்த லைற் எல்லாத்தையும் போட்டனான். அவவுக்கு வெளிச்சம் எண்டால் நல்ல விருப்பம். அறை முழுக்க வெளிச்சம், அம்மா. போர்வை கட்டில் காலடியில மடிச்சபடி கிடந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை."

நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். அம்மா குனிந்து மேஸை எடுத்து நீட்டினார்.

"போடுங்கோ, ஐயா."

"வேண்டாம். நிக்கிறன்."

"விறைக்கும்."

"விறைக்கட்டும். எனக்கு இதுதான் வேணும்."

பிறகு தலையைத் தூக்கிக் கேட்டார். குரல் சின்னப் பிள்ளையினுடையது மாதிரி வந்தது.

"ஒண்டை மட்டும் சொல்லுங்கோ, அம்மா. எந்த வெளிச்சம் போட்டிருந்தால் போதுமாய் இருந்திருக்கும்?"

அம்மா அந்தச் சீமெந்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அவருடைய காலுக்குக் கை நீட்டினார். குரு சீடனின் காலைத் தொடுவதா என்று ஐயா பதறி விலகப் பார்த்தார். அம்மா விடவில்லை. அவருடைய பாதத்தை இழுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"குளிருதோ?"