கோரைமேட்டுப் பியானோவின் மூடி

கோரைமேடு மாதா கோயிலில் பாட்டுக்கென்று மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் அறிவு கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் சொல் தட்டமாட்டார்கள். அவர்களில் ஒருவரான ஞானமுத்துதான் தலைவர். அவருடைய ஒரே மகள் ஜெனோவாவுக்கு மறுநாள் கல்யாணம். பியானோ வாசித்தால்தான் கோயிலுக்குள் காலெடுத்து வைப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மகள் கேட்டு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அவர்.

பியானோவோ கிழடு. கட்டைகளை மூடுகிற பலகையின் கீல் ஆடியது. திருகாணி போகிற ஓட்டைகள் பெருத்துப் போயிருந்தன. வாசிக்கிற ஜோயல் வாத்தியார், "மூடி விழாதுன்னா வாரேன். இல்லன்னா ஆளை விடும்" என்று சொல்லிவிட்டார்.

லாசர் ஆசாரி வழி சொன்னார். "லூசான ஓட்டையில தீக்குச்சியக் கோந்துல முக்கி அடையும். காஞ்ச பொறவு ஸ்குரூவ முடுக்கும்." சொன்ன கையோடு வெளியூர் பஸ் ஏறிவிட்டார்.

எந்த ஓட்டை லூசு?

"ஸ்குரூவக் கழட்டுனாத்தான ஓட்டை தெரியும்" என்றார் மூவரில் இன்னொருவரான சவரிராயன்.

கழற்றினார்கள். ஓட்டை காலியாக இருந்தது. காலி ஓட்டையைவிட லூசான ஓட்டை உலகத்தில் உண்டா? இறுக்கமாக இருந்த திருகாணிகளையும் கழற்றிப் பார்த்தார்கள். அந்த ஓட்டைகளும் லூசாகவே இருந்தன. பியானோ இவ்வளவு மோசமாகவா இருந்தது என்று ஞானமுத்து இன்னும் இரண்டு தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னார்.

எல்லா ஓட்டையையும் அடைத்தார்கள். காய்ந்ததும் பார்த்தால் திருகாணி நுழைய இடமில்லை.

"ஓட்டை எங்கவே போச்சு?" என்றார் ஞானமுத்து.

"நாமதான அண்ணாச்சி அடைச்சோம்."

"அடைக்கவும் சொன்னாரு, முடுக்கவும் சொன்னாரு. இல்லாத ஓட்டையில எப்படி முடுக்க?"

மூன்றாமவரான மரியசூசை தாடியைத் தடவினார். "மூடியே வேண்டாம்னு கீழ வச்சிருவோமா?"

"மூடி விழக்கூடாதுன்னுதான் வாத்தியார் சொன்னாரு. மூடியே இருக்கக்கூடாதுன்னு சொல்லலியே" என்றார் ஞானமுத்து. மற்ற இருவருக்கும் அது நியாயமாகவே பட்டது.

மறுநாள், மூடி விழாது என்று ஞானமுத்து கொடுத்த வாக்கை நம்பி ஜோயல் வாத்தியார் வாசிக்க, அவருடைய விரல்களுக்கு மேலே மூவரும் மூடியைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். கைப்பிடித்து அழைத்துவர வேண்டிய தகப்பன் மூடியைப் பிடித்திருந்ததால், ஜெனோவா தாய்மாமன் கையைப் பிடித்து வந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. ஞானமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கத்தான் கையில்லை.

பீடத்திலிருந்து சாமியார், "எல்லாரும் முழங்காலிடுங்க" என்றார்.

சொல் தட்டாத மூவரும் முழங்காலிட்டார்கள். மூடியும் கூடவே இறங்கியது. கட்டைகள் மொத்தமும் ஒன்றாக அலறின. ஜோயல் விரலை உருவிய வேகத்தில் நாற்காலியோடு மல்லாந்தார்.

"மூடி விழாதுன்னு சொன்னீரே வேய்" என்றார் தரையில் கிடந்தபடி.

ஞானமுத்து பிடியை விடவில்லை. "மூடி எங்க விழுந்துது? அத நாங்கல்லா இறக்குனோம். விழுந்தது நீருதான்."