காலடிகளைப் படித்த சருகுமான்

ஏரியைச் சுற்றி ஓடுவதற்கென்றே அந்தக் காட்டு விலங்குகள் ஒரு கழகம் வைத்திருந்தன. கழகத் தலைவர் காட்டுச் சேவல் கொண்டையார். விடிந்ததும் அவர் கூவுவார். உடனே எல்லாரும் கரைக்கு வந்துவிட வேண்டும். ஏரியை ஒரு சுற்று ஓடி முடித்து, மருத மரத்தடியில் போய் உட்கார வேண்டும். அங்கே கொண்டையார் புத்தகம் வாசிப்பார்.

ஆமாம், புத்தகமேதான்! கூடாரம் போட்டுத் தங்கிய மனிதர்கள் விட்டுப்போனது. ஓடுகிறவர்களுக்காகவே எழுதிய நூல் அது என்று கொண்டையார் சொன்னார். யாரும் சந்தேகப்படவில்லை. கழுத்தை அவ்வளவு நிமிர்த்திக்கொண்டு ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

வாசிப்பு இலையுதிர் காலத்தில் மட்டும்தான். அப்போது விடியற்காலையில் ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எல்லாம் ஒரே பனி. மஞ்சள் இலைகள் தரைக்கு வர மனமில்லாமல் சுற்றிச் சுற்றி இறங்கும். அந்தப் பனிக்குள் ஓடுகிறவர்கள், கனவில் ஓடுகிறவர்களைப் போலச் சத்தமில்லாமல் ஓடுவார்கள்.

கழகத்தில் கடைசியாக ஓடுவது பொட்டு. பொட்டு ஒரு சருகுமான். பெயரில்தான் மான். உயரம் முயலளவு, கால்கள் குச்சியளவு. வெயில் மருதத்தின் வேரைத் தொடுவதற்குள் வந்து சேராதவர்கள் கூட்டத்துக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டும் என்பது கழக விதி. பொட்டு வரும்போது பெரும்பாலும் வாசிப்பின் கடைசி வரிதான் காதில் விழும்.

அன்றும் அப்படித்தான்.

"...ஆகையால், நல்ல ஓட்டக்காரருக்கு இரண்டு கால் போதும். மற்ற இரண்டும் வீண் சுமை!" என்று வாசித்துவிட்டுக் கொண்டையார் புத்தகத்தை மூடினார்.

"ஆஹா!" என்றது கூட்டம்.

"கொண்டையாரே, எங்களுக்கு நாலு கால் ஆச்சே?" என்றது முள்ளம்பன்றி.

"புத்தகத்தில் இருப்பதை வாசித்தேன். உன் காலை எண்ணிப் பார்த்தா எழுதுவார்கள்?"

முள்ளம்பன்றி குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டது.

மறுநாள் காலை கழகமே பின்னங்கால்களில் நிமிர்ந்து ஓடியது. கீரி இரண்டு முறை குப்புற விழுந்தது. முள்ளம்பன்றி பின்னால் சாய்ந்து, தன் முள்ளே தன்னைக் குத்தி அலறியது. ஒருத்தராவது இது நமக்கு ஒத்துவருமா என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. எல்லாரையும்விட நன்றாக நிமிர்ந்து ஓடியது முயல் தவிட்டிதான்.

தவிட்டி பொட்டுவின் தோழி. ஏரி நிரம்பும் நாளன்று நடக்கும் மூன்று சுற்றுப் பந்தயத்தில் ஜெயித்து, புத்தகத்துக்குப் பக்கத்தில் வேர்மேல் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை.

பொட்டுவுக்கு நிமிர்ந்தெல்லாம் ஓட வரவில்லை. குனிந்த தலையோடு, ஈர மண்ணைப் பார்த்தபடி ஓடினாள். முன்னால் போனவர்களின் காலடிகள் வரிவரியாக இருந்தன. பனிக்குள் யாரும் கண்ணில் படவில்லை. ஆனால் எல்லாரும் அந்த மண்ணில் இருந்தார்கள்! இதோ, கீரி விழுந்த இடம். இதோ, முள்ளம்பன்றி உட்கார்ந்து மூச்சு வாங்கிய இடம். இலைகள் விழுந்து பாதியை மூடியிருந்தன. பொட்டு மூக்கால் இலையை ஒதுக்கி ஒதுக்கிப் படித்தாள். பிந்தினால்தான் என்ன? அன்றைய கதையின் முதல் வரியிலிருந்து அவளுக்குக் கிடைத்துவிட்டது.

இரண்டு விஷயங்கள் அவளை நிறுத்தின.

ஒன்று, கொண்டையாரின் மூன்று விரல் காலடி பனைமரம் வரைக்கும் வந்து, பட்டென்று நின்றுபோயிருந்தது. ஏரி குறுகும் இடம் அது. எதிர்க்கரையில்தான் அந்தக் காலடி மறுபடி தொடங்கியது. அப்படியென்றால் பாதிச் சுற்றை ஓடாமல், அவர் ஏரிக்கு மேலே பறந்தே கடந்திருக்கிறார்!

இன்னொன்று, தவிட்டியின் காலடி. இடது பின்னங்கால் ஆழமாகப் பதிந்திருந்தது. வலது, பட்டும் படாமலும்.

"தவிட்டி, உன் வலது கால் வலிக்குதா?" என்று பொட்டு கேட்டாள்.

தவிட்டி திடுக்கிட்டாள். "யார் சொன்னது?"

"உன் காலடி சொல்லுது. ரெண்டு நாள் ஓடாதேடி."

"ஓடாம? நாளைக்குப் பந்தயம்! வலியைக் காது கொடுத்துக் கேட்கிறவன் ஓட்டக்காரனே இல்லைன்னு புத்தகத்துல இருக்கு."

"புத்தகத்துக்குக் கால் இருக்கா?"

"கடைசியா வர்ற நீ எனக்குப் புத்தி சொல்றியா? போடி, சருகு!"

பொட்டு அந்தக் காலடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் ஏரி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. கொண்டையார் கூவினார். பந்தயம் தொடங்கியது. காற்றே இல்லாமல் இலைகள் கொட்டின. முதல் சுற்றில் தவிட்டியின் வலது கால் மண்ணை லேசாகத் தொட்டிருந்தது. இரண்டாவது சுற்றில் இழுபட்ட கோடு மட்டும் இருந்தது. மூன்றாவது சுற்றில் பொட்டு பனைமரத்துக்கு அருகே வந்தபோது, தவிட்டியின் காலடி பாதையை விட்டு உண்ணிச்செடிப் புதருக்குள் திரும்பியிருந்தது.

அதன் பக்கத்திலேயே இன்னொரு காலடி. அகலமான உள்ளங்கால். நான்கு விரல். நகம் பதியவில்லை. அந்தக் குழிக்குள் தண்ணீர் இப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.

சிறுத்தை!

பொட்டுவின் குச்சிக் கால்கள் நான்கும் ஓடு என்றன. ஓடினால் அவள் தப்பிவிடுவாள். தவிட்டி? பொட்டு புதருக்குள் நுழைந்தாள்.

தவிட்டி வீங்கிய காலை நக்கிக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா, சிரிக்கிறதுக்கு?" என்றாள். கண்ணெல்லாம் நீர்.

"உஷ்! சிறுத்தை. ரொம்பப் பக்கத்துல."

"ஐயோ! என்னால ஓட முடியாதே, பொட்டு! நீ போயிடு!"

"யார் ஓடச் சொன்னா? படு!"

புதருக்குள் சருகு குவிந்து கிடந்தது. தவிட்டியை அதற்குள் அழுத்திவிட்டு, பொட்டுவும் பக்கத்தில் ஒடுங்கினாள். சருகோடு சருகாகக் கிடப்பது மட்டும் அவளுக்கு யாரும் வாசித்துச் சொல்லாமலே தெரியும். மேலிருந்து ஓர் இலை விழுந்தது. இன்னொன்று விழுந்தது. உலகம் முழுக்க மஞ்சளாகி, மெத்தென்று ஆகி, நெஞ்சு அடிக்கும் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. அது யாருடைய நெஞ்சு என்றுகூடத் தெரியவில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. நின்றது. முகர்ந்தது. ஓர் இலை தவிட்டியின் மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. அவள் தும்மவில்லை. கடைசியில் அந்த மூச்சு அலுத்துக்கொண்டு, வந்த வழியே மலைப்பக்கம் போய்விட்டது.

வெகுநேரம் கழித்து இருவரும் எழுந்தார்கள். "நாலு காலையும் ஊன்று. மெதுவா," என்றாள் பொட்டு. தவிட்டி ஊன்றினாள். வலித்தது. ஆனால் நடக்க முடிந்தது.

மருதத்தடியில் வெயில் வேரைத் தாண்டி எங்கோ போயிருந்தது. வேர்மேல் கொண்டையாரே உட்கார்ந்திருந்தார். அவர்தான் வெற்றி பெற்றாராம்!

"வெளியே நில்லுங்கள்! விதி விதிதான்!" என்றார்.

"நிக்கிறோம், கொண்டையாரே," என்றாள் பொட்டு. "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. பனைமரத்துக்கும் எதிர்க்கரைக்கும் நடுவுல, மூணு சுத்துலயும் உங்க காலடியையே காணோமே. எங்க போச்சு?"

கீரி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தது. "ஒண்ணுகூட இல்லை!" என்று கத்தியது.

"அது... இலை மூடியிருக்கும்!" கொண்டையார் பதறிச் சிறகடித்தார். புத்தகம் வேரிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. இதுவரை அவர் விரித்ததெல்லாம் முதல் பக்கம் ஒன்றைத்தான். மற்றவை ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. விழுந்த வேகத்தில் அவை பிரிந்து விரிந்தன.

எழுத்துத் தெரியாதவர்களுக்கும் படம் தெரியுமல்லவா? ஒரு சட்டி. சட்டி நிறையக் குழம்பு. நடுவே கொண்டையில்லாமல், இறகில்லாமல், இரண்டு கால்களை மட்டும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு ஒருவர்.

"கொண்டையாரே," என்றது முள்ளம்பன்றி, "இவர் எத்தனை சுற்று ஓடினார்?"

கொண்டையார் மயங்கி விழுந்திருந்தார்.

தவிட்டியின் கால் ஆறுவதற்குள் மரங்கள் மொட்டையாகிவிட்டன. அதற்குப் பிறகும் ஏரிக்கரையில் ஓட்டம் உண்டு, வாசிப்பும் உண்டு. ஓடி முடித்ததும் எல்லாரும் மருதத்தடியிலிருந்து திரும்பி, வந்த வழியே மெல்ல நடப்பார்கள். கொண்டையாரும் நடப்பார், கொஞ்சம் பின்னால். முன்னால் பொட்டு போவாள். இலையை மூக்கால் ஒதுக்கி, யார் நொண்டினார்கள், யார் களைத்தார்கள், எந்தப் பக்கம் போகக்கூடாது என்று ஒவ்வொரு காலடியாகப் படிப்பாள். பக்கத்தில், நான்கு காலையும் ஊன்றி, தவிட்டி கேட்டுக்கொண்டே வருவாள்.

எவரோ வாசித்துச் சொல்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறவர், தன் கால் சொல்வதை ஒரு முறையாவது குனிந்து கேட்டுவிட்டு ஓட வேண்டும்.