கிழிந்த ஆறு வாரம்

“ரெண்டு மாசக் குழந்தை மேடம். இப்போ பார்த்தா, இன்னும் பிறக்கவே இல்லை.”

மெஹர்நிஷா நாற்காலியைத் திருப்பினாள். ஆசீர் பரீட்சையில் தோற்ற பையனைப் போல நின்றுகொண்டிருந்தார்.

நாற்பத்திரண்டு வயது. கணக்கு வாத்தியாராக இருந்தவர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள இந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வந்திருந்தார். கற்றுக்கொடுக்கும் மெஹர்நிஷாவுக்கு அவருடைய பழைய மாணவிகளின் வயது.

அவர் தனியாக எழுதிய முதல் புரோகிராம் அது. குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் தடுப்பூசி போடவேண்டிய தேதியைச் சொல்லும். நாளைக் காலை ஓர் ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்துத்தான் ஊசி போடப்போகிறார்கள்.

“திரையைத் திறக்கும்போதெல்லாம் பிறந்த தேதி ஆறு வாரம் தள்ளிப் போகுது. இதை நம்பினா, ஊசி போடவேண்டிய பிள்ளையை அப்புறம் வாங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.”

“நீங்க என்ன எழுதினீங்க?”

“பிறந்த தேதியோட ஆறு வாரத்தைக் கூட்டச் சொன்னேன். அவ்வளவுதான்.”

“கூட்டியிருக்கே?”

“கிண்டல் பண்ணாதீங்க மேடம். அஞ்சோட மூணைக் கூட்டினா எட்டு. அதுக்காக அஞ்சு காணாமப் போயிடுமா? வருஷக்கணக்கா நான் சொல்லிக்கொடுத்த கணக்கு.”

“அஞ்சு எண், சார். தேதி இங்கே ஒரு ஆப்ஜெக்ட், கையில இருக்கிற பொருள் மாதிரி.”

“முதல் நாளே சொன்னீங்க. தலையாட்டினேன். புரியலை.” அவர் குரல் தாழ்ந்தது. “வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க. எனக்கு இது வராது.”

அவள் எழுந்து, சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் அருகே போனாள்.

“இன்னையிலிருந்து ஆறு வாரம் கழிச்சு என்ன தேதி, சார்?”

“பார்த்துத்தான் சொல்லணும்.”

“இருங்க, நானே பார்க்கிறேன்.”

தாள்களை எண்ணிக் கொத்தாகப் பிடித்தாள். சர்ரென்று கிழித்தாள்.

“ஐயையோ! என்ன பண்றீங்க?”

“தேதி பார்த்தேன். மார்ச் பன்னிரண்டு.”

“இன்னைக்குத் தேதியே போச்சே!”

“நீங்க கேட்டது கிடைச்சிடுச்சு இல்ல?”

“நல்லாயிருக்கு! அடுத்து வர்றவன் இன்னைக்கே மார்ச் பன்னிரண்டுன்னு நினைச்சுப்பான். அவனும் ஆறு வாரம் கிழிப்பான். பார்க்கிறதுக்கு எதுக்கு மேடம் கிழிக்கணும்? இருக்கிறதை அப்படியே விட்டுட்டு, தனியா ஒரு…”

நிறுத்தினார்.

அவள் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். தன் மேஜையைப் பார்த்தார்.

அதற்கப்புறம் அவர் நடக்கவில்லை, ஓடினார்.

பிறந்த தேதியைத் தொடாமல், அதைப் போலவே இன்னொரு தேதியை உருவாக்கினார். ஆறு வாரத்தை அதில் கூட்டினார். திரையைத் திறந்தார்.

ரெண்டு மாசக் குழந்தை.

மூடினார். திறந்தார்.

ரெண்டு மாசம்.

மறுபடியும் மூடித் திறந்தார். குழந்தை அசையவில்லை. அவர்தான் நாற்காலியில் சாய்ந்து, காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

“சார், காலையில கூட்டம் அலைமோதும். உங்க புரோகிராமை நம்பித் திறக்கலாமா?”

“திறங்க சிஸ்டர்,” என்றார் ஆசீர். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “எத்தனை தடவை வேணும்னாலும் திறங்க.”