பச்சைத் தண்டும் பசித்த கரடியும்

பனி விழும் மலைக்காட்டில் ஒரு பெரிய மரம் சாய்ந்து விழுந்தது. அதனால் தரையில் வெயில் படத் தொடங்கிய அந்த இடத்தில் சில வருடங்களில் சிவப்பு ராஸ்பெர்ரி என்ற முட்புதர் மண்டிவிட்டது. தேனீக்கு அதன் பூ. வயிறு சரியில்லாத மானுக்கு அதன் இலை. பனிக்காலத்துக்கு முன் உடம்பைக் கொழுக்கவைக்கும் கரடிக்கு அதன் பழம். புதருக்கு அடியில் ஒரு முயல் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. முள்ளுக்குப் பயந்து நரி அந்தப் பக்கமே வராது.

எல்லாம் நன்றாக நடந்தால் கரடிக்குப் பொறுக்குமா? வயிறு முட்டப் பழம் தின்ற ஒரு மதியம், அது புதரைச் சுற்றி நோட்டம் விட்டது.

"பழுப்புத் தண்டுல எல்லாம் பழம் தொங்குது. பச்சைத் தண்டு மட்டும் வெறுமனே நிக்குது. சோம்பேறிக் கூட்டம். பிடுங்கி எறியப்போறேன்."

முயல் வெளியே ஓடிவந்தது. "அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. பச்சைத் தண்டு இந்த வருஷம் முளைச்சது. முதல் வருஷம் வளரும், மறு வருஷம்தான் காய்க்கும். காய்ச்சு முடிச்சதும் பட்டுப்போயிடும். இந்தப் பழுப்புத் தண்டெல்லாம் போன வருஷம் பச்சையா நின்னதுதான்."

"பழம் தர்றது பட்டுப்போகுமாம், தராதது தருமாம். யார்கிட்ட கதை விடுறே?"

"நான் இதுக்கு அடியிலேயே குடியிருக்கேன் அண்ணே."

"நான் இதோட பழத்தையே தின்னுறேன். உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

முயல் தலையில் அடித்துக்கொண்டது. இன்னும் மூன்று முறை சொல்லிப் பார்த்தது. கடைசியில் பொறுமை போய், "நீங்களும்தான் பனிக்காலம் பூரா சும்மா தூங்குறீங்க. உங்களையும் பிடுங்கி எறிஞ்சிடலாமா?" என்று கேட்டும் விட்டது.

கரடிக்கு ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஒரு பச்சைத் தண்டுகூட மிச்சமில்லை. புதர் பாதியானதும் நரி வந்து எட்டிப்பார்த்தது. முயல் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பாறை இடுக்குக்குக் குடிபோனது.

அடுத்த கோடையில் கரடி பழம் தின்ன வந்தது. பழுப்புத் தண்டுகள் சுள்ளியாகக் காய்ந்து நின்றன. ஒரு பழம்கூட இல்லை. வேரிலிருந்து புதிதாய்ப் பச்சைத் தண்டுகள் மட்டும் கிளம்பியிருந்தன. கரடி பாறைக்கு ஓடியது.

"புதர் என்னை ஏமாத்திடுச்சு."

"புதரா ஏமாத்துச்சு?" என்றது முயல்.

"சரி, அந்தப் பச்சைத் தண்டு எப்போ காய்க்கும்?"

"அடுத்த வருஷம்."

"அப்போ இந்த வருஷம் நான் எதைத் தின்னுறது?"

"போன வருஷம் நீங்க பிடுங்கி எறிஞ்சது அதுதான் அண்ணே."

கரடி கிழங்கையும் எறும்பையும் தோண்டித் தின்று, பாதி வயிற்றோடு பனிக்காலத் தூக்கத்துக்குப் போனது. அதற்கு முன் புதருக்குக் காவல் இருந்து, வந்தவர்களிடம் எல்லாம், "முதல் வருஷம் வளரும், மறு வருஷம்தான் காய்க்கும். தெரியுமா?" என்று பாடம் நடத்தியது. முயலையும் விடவில்லை. முயல் இரண்டு காதையும் மடக்கிக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்விட்டது.

இன்றைக்குப் பலன் இல்லை என்று ஒன்றைப் பிடுங்குகிறவன், நாளைக்குத் தின்ன வேண்டியதையும் சேர்த்துத்தான் பிடுங்குகிறான்.